உரிமையைச் சொல்லவும் அயன்மொழியோ?

ஆரணியாற்றங்கரையில், பெரியபாளையத்தை அடுத்து, தறியொலிக்குப் பெயர்பெற்ற ஆரணி என்னும் பேரூர் உள்ளது. அதற்கு வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. அப்பேட்டையிலிருந்து நாள்தோறும் எண்ணற்ற பொதிகள் வெளியேறுகின்றன. கடையில் விற்கும் பொதி ஒவ்வொன்றின்மேலும் பொருளின் பெயர், செய்தார் பெயர், அளவு, விலை முதலியன பொறிக்கப்பட வேண்டும். எம்மொழியில்? 2011ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகள், தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவை இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்.

தமிழ்மண்ணில், தமிழர் கையால் செய்யப்பட்டு, தமிழர் கடையிலேயே விற்கும் பொருளின்மேலும் தமிழ் தனித்து நிற்க இயலாது, ஒட்டிக்கொண்டு நிற்கலாம். இஃது ஆள்வோர் பூட்டிய தளை. இதனை எதிர்த்தல் தமிழர் கடன்.

ஆனால், ஆள்வோர் பூட்டாத தளையையும் தமிழரே எடுத்துத் தம் காலில் பூட்டிக்கொள்வரேல், அதனை என்னென்பது?

அண்மையில் வெளிவந்த தமிழ்நூல் ஒன்றை எடுத்து முதல் தாளைப் புரட்டிக் காண்க. நூற்பெயர் தமிழ்; ஆசிரியர் பெயர் தமிழ்; உள்ளே முந்நூறு பக்கமும் தமிழ். உரிமையைச் சொல்லும் வரி மட்டும் ஆங்கிலம்! வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து. அதனையடுத்து 'ஆல் ரைட்சு ரிசர்வ்டு' என்னும் தொடர். சிற்றிதழின் கடைப்பக்கத்திலும் இதே வரி. மின்னூலின் அடியிலும் இதே வரி. தமிழ்ப்பற்றை முழங்கும் நூல்களிலும் இதே வரி! உள்ளே தமிழுரிமை கேட்பார், தம் உரிமையை ஆங்கிலத்திற் கேட்கின்றனர்.

சட்டம் கேளாத ஆங்கிலம்

"சட்டத்திற்காக அவ்வாறு எழுதுகின்றோம்" என்பார் உளர். சட்டம் என்ன சொல்கின்றது எனக் காண்போர் வியப்பர்.

இந்தியாவில் நடைமுறையிலுள்ள பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு, 1958 சனவரி 21ஆம் நாள் முதல் செயற்பட்டு வருவது. அதன்படி, ஒருவர் தாமே ஆக்கிய பாட்டோ கட்டுரையோ கதையோ எழுத்தில் அமைந்த அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகின்றது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. வட்டக்குறி இட்டால்தான் உரிமை என்பதுமில்லை. ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும் என்னும் விதி அறவே இல்லை. ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டு கழிந்தபின் அறுபது ஆண்டும் அவ்வுரிமை நிற்கும்.

அவ்வாறாயின் அந்த ஆங்கிலத் தொடர் எங்கிருந்து வந்தது? 1910இல் தென்னமெரிக்காவின் புவெனசு ஐரிசு நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் சில கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. உரிமை ஒதுக்கப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பை நூல் தாங்கியிருந்தால், ஒரு நாட்டு நூலுக்குப் பிறநாட்டிலும் காப்பு உண்டு என்றது அது. அவ்வுடன்படிக்கையில் இந்தியா என்றும் சேர்ந்ததில்லை. வட்டக்குறியோ, 1952இல் செனீவாவில் உருவான வேறோர் உடன்படிக்கையால் உலகெங்கும் பரவியது; அயல்நாட்டுப் பதிவு முறைகளுக்கு ஈடாக அக்குறியும் உரிமையாளர் பெயரும் ஆண்டும் போதும் என்றது அது.

இவற்றிற்கெல்லாம் முன்பே, 1886இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தோன்றிய உடன்படிக்கை உள்ளது. 1908இல் பெர்லினில் அது திருத்தப்பட்டபோது, உரிமைக்கு எவ்வகைச் சடங்கும் வேண்டா என்று முடிவாயிற்று. இந்தியா 1928 முதல் அதில் உறுப்பு நாடு. அமெரிக்க ஒன்றியமும் 1989இல் சேர்ந்தது. புவெனசு ஐரிசு உடன்படிக்கை நாடுகள் அனைத்தும் 2000ஆம் ஆண்டிற்குள் சேர்ந்துவிட்டன. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதன்கண் உள்ளன. ஆரணியில் அச்சாகும் தமிழ்ப்பாட்டு நூலுக்கு, ஓர் ஆங்கில எழுத்தும் இல்லாமலே, அந்நாடுகளிலெல்லாம் காப்பு உண்டு.

"அயல்நாட்டார்க்கு விளங்க வேண்டுமே" என்னும் தடையும் இதனால் தகர்கின்றது. யாரோ செய்த உடன்படிக்கைக்காக யாரோ வகுத்த சொற்றொடர், செய்தவர்க்கே தேவையற்றுப் போனபின்னும், தமிழ்நூலின் தலைவாயிலில் காவல் நிற்கின்றது!

அறிவிப்பு வேண்டும், தமிழில் வேண்டும்

சட்டம் கேளாவிடின் அறிவிப்பையே விட்டுவிடலாமோ எனின், கூடாது. அவ்வரியால் விளையும் நன்மை பெரிது.

நூலின் படிகளில் ஆசிரியர் என்றோ பதிப்பாளர் என்றோ எவர் பெயர் காணப்படுகின்றதோ, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அவரே ஆசிரியர், அவரே பதிப்பாளர் எனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கொள்கின்றது. மேலும், "உரிமை இருந்தது எனக்குத் தெரியாது, ஐயுறவும் இடமில்லை" என்று திருடியவன் மெய்ப்பித்து விட்டால், அவனிடமிருந்து பெறத்தக்க ஈடு குறைந்துவிடும். தெளிவான அறிவிப்பு ஒன்று முன்னே நின்றால் அந்த வாய்ப்பு அவனுக்கு அடைபடும். ஆகலின் அடிவரி அணியன்று, அரண்.

அரண் என்றால் அது பகைவனுக்குப் புரிய வேண்டாவோ? தமிழ்நூலை எடுத்து அச்சிடக் கூடியவன் தமிழறிந்தவன். தமிழ்ப்பாட்டைத் திருடிப் படத்தில் சேர்ப்பவனும் தமிழறிந்தவன். நேர்மையாக இசைவு கேட்க விரும்பும் ஆசிரியரும் மாணவரும் தமிழறிந்தவரே. அவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையை, அவர்களுள் பலர்க்கு முழுமையாக விளங்காத மொழியில் எழுதுதல், கிணற்றுக்குள் நின்று கூவுதலை ஒக்கும்.

முன்னோர் இட்ட அடிக்குறிப்பு

ஆக்கத்தின் கடையில் ஆக்கியோனைச் சுட்டும் வழக்கத்தைத் தமிழர் மேலையரிடம் கற்கவில்லை. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் என்னும் குறிப்புகள் நிற்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்தவர் ஒருவர், பொருளுதவித் தொகுப்பித்தவர் ஒருவர் என்று இருவர் பங்கையும் வேறு பிரித்துக் காட்டிய நேர்மை அது. இற்றை நாளில் ஆசிரியர், பதிப்பாளர் எனப் பிரிக்கும் பிரிப்பிற்கு அஃது எவ்வகையிற் குறைந்தது?

பாடினார் பெயர் மறைந்துபோன இடத்து முன்னோர் என் செய்தனர்? பாட்டைத் தமதாக்கிக் கொண்டாரல்லர். அப்பாட்டில் ஒளிர்ந்த தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கும் பெயர்கள் அவ்வாறு அமைந்தனவே. இயற்பெயர் தெரியாவிடினும் ஆக்கம் அவரதே என்று சொல்லாமற் சொன்ன அறம் அது.

கல்வெட்டுகளின் கடையிலும் காப்பு வரி உண்டு. ஊரார் அளித்த நிலக்கொடையோ விளக்குக்கொடையோ பொறித்தபின், இவ்வறத்தைக் காத்தவர் திருவடி எம் தலைமேலது என்னும் கருத்துப்பட முடிப்பர். அழிப்பாரை நோக்கிய எச்சரிக்கையும் பலவற்றில் உண்டு. உரியவர் இவர், செய்தது இது, இதனைக் காத்தல் கடன் என்னும் மூன்றையும் ஊர்மக்கள் மொழியில் கல்லில் வெட்டி வைத்த இனத்தார்க்கு, தாளில் ஒருவரி எழுத ஆங்கிலம் இரவல் வேண்டுமோ?

இடையில் நேர்ந்தது என்ன? வெள்ளையராட்சியில் 1847இலும் பின்னர் 1914இலும் உரிமைச் சட்டங்கள் வந்தன. நூல்களைப் பதியும் சட்டம் 1867இல் வந்தது. அச்சிட்டார் பெயரும் இடமும் நூலிற் காட்டப்பட வேண்டும் என்று அது விதித்தது. ஆட்சி அவர்களது, அலுவலகம் அவர்களது, மொழியும் அவர்களதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளின் முகப்பில் 'காப்பிரைட்டு', 'ரிசிசுட்டர்' முதலிய சொற்கள் அவ்வாறு ஏறின. அந்த ஆட்சி 1947இல் போயிற்று. இதழ்களைப் பொறுத்தவரை அந்த 1867ஆம் ஆண்டுச் சட்டமும் நீங்கி, 2023இல் இயற்றிய புதுச்சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் போயும் பழக்கம் போகவில்லை!

தெளிவின்மையால் வந்த கேடு

உரிமை எவரிடம், எந்த அளவில் உள்ளது என்பதில் தெளிவு குன்றினால் ஓரினத்தின் செல்வமே சிறைப்படும் என்பதற்குப் பாரதியார் பாடல்களே சான்று. அவர் 1921இல் மறைந்தபின் உரிமை பலர் கைமாறிற்று. ஒலித்தட்டுக்கும் ஒலிபரப்புக்கும் உரிய பகுதி ஓர் இசைத்தட்டு வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து 1940களில் படத்தொழிலில் இருந்த ஏ.வி. மெய்யப்பரை அடைந்தது. தி.க. சண்முகம் உடன்பிறந்தார் தங்கள் 'பில்கணன்' படத்தில் பாரதியார் பாடலொன்றைச் சேர்த்தபோது சிக்கல் எழுந்தது. நாடெங்கும் பாடிய பாட்டை ஒருவர் இசைவின்றிப் படத்தில் பாடவியலாத நிலை! பாரதியார் பாடல்களை விடுவிக்க எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். ஓமந்தூர் இராமசாமியார் தலைமையிலான அரசு 1949இல் உரிமையைப் பெற்றது. மெய்யப்பர் பணம் பெறாமலே தம் உரிமையை அளித்தார். பாடல்கள் மக்கள் உடைமையாயின.

அவ்வழியில் பின்னர்ப் பாரதிதாசனார், மறைமலையடிகள், பாவாணர் உள்ளிட்ட பலர் நூல்கள் நாட்டுடைமையாயின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் அத்தகைய நூல்கள் பல இன்று தடையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.

அண்மைக் காலத்திலும் அத்தகைய வழக்கு நேர்ந்தது. பெரியார் 'குடியரசு' இதழில் எழுதியவற்றைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, திராவிடர் கழகத் தரப்பினர் உரிமை தமதென்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். 2009இல் நீதியர் சந்துரு தடை விதிக்க மறுத்தார். 2010இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவே நின்றது. ஒரே தலைவரின் தொண்டர்கள், அவர் கருத்தைப் பரப்புவதற்கே வழக்காட நேர்ந்தது. எவரும் அச்சிடலாம் என்றோ இன்னாரே அச்சிடலாம் என்றோ ஐயத்திற்கிடமின்றி எழுதிய ஒருவரி எத்துணை ஆண்டுப் பூசலைத் தவிர்க்கும் என்பதை இயக்கத்தார் எண்ணிப் பார்க்க.

எழுத்தாளர்க்கு நேரும் இழப்பு இன்னொன்று. 'உரிமை பதிப்பகத்தார்க்கு' என அச்சிட்டதனாலேயே உரிமை பதிப்பகத்தைச் சென்று சேராது. உரிமையளிப்பவர் கையொப்பமிட்ட எழுத்துவழி ஆவணம் வேண்டும் என்கின்றது 19ஆம் பிரிவு. அவ்வாவணத்தில் காலம் சொல்லப்படாவிடின் ஐந்தாண்டு. இடம் சொல்லப்படாவிடின் இந்தியா மட்டும். இதனை அறியாது, அச்சான ஆங்கில வரிக்கு அஞ்சித் தம் நூலைத் தாமே மறுபதிப்புச் செய்யத் தயங்கும் புலவர்கள் உளர். புரியாத மொழி அச்சத்தை வளர்க்கும். புரிந்த மொழி உரிமையை வளர்க்கும்.

எவ்வாறு எழுதுவது?

முதற்கண் சொல். பதிப்புரிமை என்பது நெடுங்கால வழக்கு. சட்டத்தின் பெயரும் அதுவே. ஆயினும் அது பதிப்பாளர் உரிமையோ என மயங்க இடந்தருகின்றது. காப்புரிமை என்பதோ புதிய கருவிகளைக் கண்டுபிடித்தார்க்கு அளிக்கும் உரிமைக்கும் வழங்கப்படுவதால் மயக்கத்தை மேலும் மிகுக்கின்றது. அச்சிடல் மட்டுமன்றி, மொழிபெயர்த்தல், நாடகமாக்கல், படமாக்கல், ஒலிப்பதிவு செய்தல் யாவும் இவ்வுரிமையுள் அடங்கும். ஆக்கியோனிடம் பிறக்கும் இதற்குப் படைப்புரிமை என்பது பொருந்தும் பெயர்.

அடுத்துத் தொடர். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'எல்லா உரிமைகளும் ஒதுக்கப்பட்டுள்ளன' என்றெழுதுதல் தமிழாகாது. எவர்க்கு ஒதுக்கியது? எதற்காக ஒதுக்கியது? தமிழ் தன் இயல்பில் சொல்லும் வகை வேறு:

"இந்நூலின் படைப்புரிமை ஆசிரியர்க்கே உரியது. அவர்தம் எழுத்துவழி இசைவின்றி இதனைப் பதிப்பித்தலும் மொழிபெயர்த்தலும் படமாக்கலும் கூடா."

கருத்துப் பரவுதலையே நோக்கமாகக் கொண்ட துண்டு வெளியீட்டிற்கு இவ்வாறு அமையலாம்:

"இதனை எவரும் படியெடுக்கலாம், அச்சிட்டுப் பரப்பலாம். எழுதினார் பெயரை நீக்கலும் கருத்தைத் திரித்தலும் கூடா."

சிற்றிதழ்க்கு: "கட்டுரைகளின் படைப்புரிமை எழுதினார்க்கே உரியது. இதழின் பெயரும் எழுதினார் பெயரும் சுட்டி எடுத்தாளலாம்."

மூன்றாவது, நேர்மை. திருக்குறளை அச்சிட்டு, அதன்மேல் எல்லா உரிமையும் எமதே என்று பொறிப்பார் உளர். குறள் மூலம் எவர் உடைமையுமன்று, மக்கள் பொதுச்சொத்து. பதிப்பித்தார் புதிதாக எழுதிய உரையும் முன்னுரையுமே அவர்க்கு உரியன. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். நாட்டுடைமையாகாது இருந்திருப்பினும் அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்களின் உரிமைக் காலம் 2010ஆம் ஆண்டின் முடிவோடு கழிந்திருக்கும். அத்தகைய நூல்களுக்கு, "மூலம் பொதுவுடைமை, உரையும் முன்னுரையும் மட்டும் உரையாசிரியர்க்கு உரியன" என்று எழுதுவதே அறம். பிறர் பொருளைத் தமதென்னும் பொய், ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும் பொய்யே. திறனாய்வுக்கும் தனிப்பட்ட படிப்பிற்கும் அளவறிந்து எடுத்தாளச் சட்டமே இடந்தருகின்றது. எந்த அறிவிப்பும் அதனைத் தடுக்கவியலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நான்காவது, ஆண்டும் ஊரும். தமிழ்நாட்டரசு 1971இல் அரசு நாட்குறிப்பிலும், 1972இல் அரசிதழிலும், 1981 முதல் அலுவல்கள் அனைத்திலும் திருவள்ளுவர் ஆண்டை ஏற்றது. கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு வரும். தைத் திங்கள் பிறக்குமுன் வெளிவருவதாயின் 30 கூட்டுக. சட்டம் காலத்தைக் கிறித்துவ ஆண்டால் கணக்கிடுகின்றது. ஆகலின் திருவள்ளுவர் ஆண்டை முன்னிறுத்திக் கிறித்துவ ஆண்டையும் உடன் குறித்தல் நன்று.

ஊர்ப்பெயரை முழுமையாக எழுதுக. 'ஆரணி' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியையே எண்ணுவர். மடல் அங்குப் போகும். இசைவு கேட்டவர் மறுமொழியின்றித் திரும்புவர். 'ஆரணி, திருவள்ளூர் மாவட்டம்' என்று எழுத இரு சொல் கூடுதலாகும், அவ்வளவே.

அச்சகத்தார் முன்னைய நூலின் முதல் தாளை அப்படியே எடுத்து ஒட்டுகின்றனர் என்பதும் ஒரு தடையாகச் சொல்லப்படுகின்றது. அச்சகத்தார் தருவதை அச்சிடுவர். மெய்ப்புத் திருத்தும்போது எழுத்துப் பிழையைத் தேடும் கண், முதல் தாளின் ஆங்கில வரியையும் பிழையென்று காணல் வேண்டும்.

இணையத்தில் தமிழ் நூல்களை ஏற்றும் அரும்பணி 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தினரை அறியாதார் இலர். பழந்தமிழ் நூல்கள் பலவற்றை விலையின்றி உலகெங்கும் கொண்டு சேர்த்த பெருந்தொண்டு அவர்களது. எனினும் அவர்தம் கோப்புகளின் தலைப்பில், எவரும் பரப்பலாம் என்னும் வள்ளன்மை மிக்க அறிவிப்பு ஆங்கிலத்தில் அமைந்திருக்கின்றது. கொடை தமிழ், கொடைமொழி ஆங்கிலம். தொண்டுள்ளம் கொண்டாரிடத்தும் இப்பழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இது சான்று.

பொதியின்மேல் தமிழ் முதலிடம் பெற விதி மாற வேண்டும். விதி மாறத் தில்லி இசைய வேண்டும். அதற்கு நெடும்போராட்டம் வேண்டும். ஆனால், நூலின் அடிவரியில் தமிழ் அமர எவர் இசைவும் வேண்டா. ஆணை வேண்டா, கிளர்ச்சி வேண்டா, ஒரு காசுச் செலவும் இல்லை. எழுதுகோல் ஏந்தியவர் மனம் வைத்தால் இன்றே முடியும்.

முடியக் கூடியதைச் செய்யாதவர், முடியாதது பற்றி முழங்குவதால் என்ன பயன்? அடுத்து அச்சேறும் நூலில், அடுத்து வெளிவரும் இதழில், அடுத்து விரியும் மின்னூலில் அவ்வொரு வரி தமிழில் நிற்க! தன் உரிமையைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்தவனே அதனைக் காக்கவும் வல்லவன்.